காரிலேயே டெல்லி வரை: தங்கச்சிக்கு அக்கா சொல்லும் டிப்ஸ்

மாப்பிள்ளை ரிட்டயர் ஆயாச்சு. ரெண்டு பேரும் மதுரையிலிருந்து காரிலேயே வடக்கே கிளம்பறோம், பெங்களூர்ல நம்ம சின்ன மாமா, ஹைதராபாத்ல உன் பெரியவன், நாக்பூர்ல மாப்பிள்ளையோட பழைய ஆபீஸ் சிநேகிதர் வீடு, டெல்லியில உன் நாத்தனார்னு எல்லாரையும் பார்த்துட்டு வரப்போறோம்னு போன்ல சொன்னே. எனக்கு அவ்வளவு சந்தோஷம். நானும் அத்தானும் அதே ரோட்டுல போய் வந்தவங்க. அந்த உரிமையில சொல்றேன். நீங்க போறது மனுஷங்களைப் பார்க்க. ஒரு வீட்டு வாசல்ல கார் நின்னா, உள்ளே போய் உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் சிரிச்சுப் பேசற தெம்பு உங்க ரெண்டு பேருக்கும் மிச்சம் இருக்கணும். கிலோமீட்டர், சாப்பாடு, தூக்கம், மாத்திரை எல்லாத்தையும் அதுக்கு ஏத்த மாதிரி திட்டம் போடு.

மாசி பிறந்ததும் கிளம்பு, பங்குனி முடியறதுக்குள்ள வீடு வந்து சேரு. டிசம்பர், ஜனவரியில ஆக்ரா, டெல்லிப் பக்கம் மூடுபனி இறங்கினா முன்னாடி போற லாரி கண்ணுக்குத் தெரியாது. பிப்ரவரி பாதிக்கு மேல அது விலகிடும். ஏப்ரல் பிறந்துட்டா நாக்பூர் வெயில் நம்ம மதுரை வெயிலைத் தூக்கிச் சாப்பிட்டுடும். நடுவுல இருக்கற அந்த ஆறேழு வாரம்தான் வடக்கே வசந்தம். ஆதிலாபாத் தாண்டி, நாக்பூர் தாண்டி, சிவனி வரைக்கும் காட்டோரத்துல புரசு மரங்கள் இலையெல்லாம் உதிர்ந்து, கிளை முழுக்கச் செம்மஞ்சள் பூவா நிற்கும். டெல்லியில குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம், இப்போ அம்ருத் உத்யான்னு பேர், இந்தச் சமயத்துல பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். திங்கட்கிழமை லீவு. முன்கூட்டியே ஆன்லைன்ல பதிவு பண்ணிக்கோ. ஆக்ராவுல தாஜ்மகால் பார்க்கறதா இருந்தா வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்னிக்கு மூடியிருக்கும்.

தேதி குறிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயத்தை விசாரிச்சுடு. போற வீட்டுல பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கற பிள்ளைங்க இருக்காங்களா? சிபிஎஸ்இ தேர்வு பிப்ரவரி நடுவுலயே ஆரம்பிச்சுடும். அந்த வீட்டு அம்மா நம்மகிட்ட வாய்விட்டு 'வராதீங்க அத்தை'ன்னு சொல்ல மாட்டா. நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். தேர்வு நடந்துக்கிட்டு இருந்தா பக்கத்துல ஒரு லாட்ஜ்ல தங்கி, சாயங்காலம் ஒரு மணி நேரம் போய்ப் பார்த்துட்டு வந்துடு. அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க உன்னை நன்றியோட நினைக்கும். இன்னொண்ணு ஹோலி. பால்குன மாசத்துப் பௌர்ணமி அது, மார்ச்சுல எந்தத் தேதின்னு காலண்டரைப் பார். அன்னிக்கு நாக்பூருக்கு வடக்கே ரோட்டுல கார் ஓட்டாதே. காலையில கலர்ப்பொடி, தண்ணி பலூன், குடிச்சுட்டு பைக் ஓட்டற பசங்கன்னு ரோடு அவங்க கையில இருக்கும். அன்னிக்கு யார் வீட்டுலயாவது இரு. அவங்க தர்ற குஜியாவைச் சாப்பிடு, பழைய புடவை ஒண்ணைக் கட்டிக்கிட்டு நீயும் விளையாடு.

முதல்ல லைசென்ஸ்

மாப்பிள்ளையோட லைசென்ஸை எடுத்துத் தேதியைப் பார். 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி, 50 வயசுல இருந்து 55-க்குள்ள புதுப்பிச்ச லைசென்ஸ் 60 வயசோட முடிஞ்சுடும். 55-க்கு மேல புதுப்பிச்சா அஞ்சு வருஷம்தான் செல்லும். அதாவது ஆபீஸ் வேலையும் லைசென்ஸும் ஒரே வருஷத்துல முடியறவங்க நிறையப் பேர். ரிட்டயர்மென்ட் விழா, பென்ஷன் பேப்பர்னு ஓடற அலைச்சல்ல இதை யாரும் கவனிக்கறதில்லை. காலாவதியான லைசென்ஸோட ஒரு விபத்து நடந்தா இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிச்சுடும். புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் வேணும், அதுக்கு நாள் ஒதுக்கு. உன் லைசென்ஸையும் பார். நீயும் தினம் ஒரு மணி நேரமாவது ஓட்டணும். 'அவர்தான் ஓட்டுவார், நான் பக்கத்துல உட்கார்ந்து வெண்டைக்காய் மாதிரி வதங்குவேன்'கிற கதையெல்லாம் இந்த வயசுல வேண்டாம். அவருக்கு நடுவழியில தலை சுத்தினா, காரை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகத் தெரிஞ்ச ஆள் நீ மட்டும்தான்.

ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூணையும் டிஜிலாக்கர்ல ஏத்திக்கோ, சட்டப்படி அது செல்லும். ஒரிஜினலையும் ஒரு ஃபைல்ல போட்டு எடுத்துக்கோ. உங்க கார் பழசு, அதனால இன்னொண்ணும் சொல்லணும். டெல்லிப் பகுதியில பத்து வருஷம் தாண்டின டீசல் வண்டிக்கும் பதினஞ்சு வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டிக்கும் கெடுபிடி உண்டு. விதியும் கோர்ட் உத்தரவும் அடிக்கடி மாறுது. கிளம்பற வாரத்துல நாத்தனார் வீட்டுக்காரர்கிட்ட நிலவரம் கேட்டுக்கோ. சந்தேகம்னா காரை ஆக்ராவுல விட்டுட்டு ரயில்ல போயிடுங்க, மூணு மணி நேரம்கூட ஆகாது.

டோலுக்கு ஃபாஸ்டேக் இல்லேன்னா கூடுதலாக் கட்டணும். 2025 ஆகஸ்ட் 15-லிருந்து சொந்தக் காருக்கு வருஷ பாஸ் வந்திருக்கு. அறிமுகமானப்போ விலை 3,000 ரூபாய். ஒரு வருஷம் இல்லேன்னா 200 தடவை டோல் கடக்கறது, எது முதல்ல வருதோ அதுவரைக்கும் செல்லும். டெல்லி போய் வர அது தாராளம். தேசிய நெடுஞ்சாலைக்குத்தான் அந்த பாஸ். ஹைதராபாத் வெளிவட்டச் சாலையிலயும் ஆக்ராவிலிருந்து நொய்டா போற யமுனா எக்ஸ்பிரஸ்வேயிலயும் தனியாக் காசு பிடிப்பான், அதுக்கு ஃபாஸ்டேக்ல பணம் இருக்கட்டும். நெடுஞ்சாலையில வண்டி நின்னுட்டாலோ அடிபட்டாலோ 1033-க்கு அடி. போன்ல சேமிச்சு வெச்சா மட்டும் போதாது, ஒரு சீட்டுல எழுதி டேஷ்போர்டுல ஒட்டிடு.

மெக்கானிக்கிட்ட விட்டா ஆயில், பிரேக், கூலன்ட் அவன் பார்த்துப்பான். டயரை நீங்களே பாருங்க. டயரோட பக்கவாட்டுல நாலு இலக்கத்துல ஒரு எண் அச்சாகி இருக்கும். 2321-ன்னு இருந்தா 2021-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். வீட்டுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓடின கார்ல டயர் தேயாம பளபளன்னு இருக்கும், ஆனா ரப்பர் கெட்டிப்பட்டு, சின்னச் சின்னதா வெடிப்பு விட்டிருக்கும். ஆறு வருஷம் தாண்டியிருந்தா யோசிக்காம மாத்திடுங்க. ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான். காத்து அடிக்கறது காலையில, டயர் சூடாகறதுக்கு முன்னாடி.

ஒரு நாளைக்கு 300, அதுவும் பகல்ல

நம்ம வயசுக்கு ஒரு நாள் ஓட்டம் 300 கிலோமீட்டர், மிஞ்சிப் போனா 350. காலையில நல்லா வெளிச்சம் வந்து கிளம்பினா மத்தியானம் மூணு மணிக்குள்ள ரூம்ல கால் நீட்டிடலாம். இருட்டினதுக்கு அப்புறம் ஓட்டவே கூடாது. கண்ணுல புரை ஆரம்பிச்சிருந்தா எதிர்ல வர்ற ஹைபீம் வெளிச்சம் சிதறி, ரோடே மறைஞ்சுடும். பின்னாடி லைட் இல்லாம ஓரத்துல நிற்கற லாரி, ராங் சைடுல வர்ற டிராக்டர், நடுரோட்டுல படுத்திருக்கற மாடு எல்லாம் ராத்திரியில தெரியாது. கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கண் டெஸ்ட் பண்ணிக்கோங்க.

முதல் நாள் கிருஷ்ணகிரியோட நிறுத்திக்கோ. மறுநாள் ஞாயித்துக்கிழமையா அமையற மாதிரி கிளம்பினா பெங்களூர் டிராஃபிக்ல மாட்டாம காபி நேரத்துக்கு மாமா வீடு போயிடலாம். பெங்களூர்லேர்ந்து ஹைதராபாத் சுமார் 570 கிலோமீட்டர், ரெண்டு நாளாப் பிரி. கர்நாடக எல்லை முடியறதுக்கு முன்னாடி, பாகேபள்ளிப் பக்கம் டேங்கை நிரப்பிடு. ஆந்திராவுலயும் தெலங்கானாவுலயும் பெட்ரோல் விலை ஜாஸ்தி. கொஞ்ச தூரத்துல லேபாக்ஷிக்குத் திரும்பற ரோடு வரும். விஜயநகர காலத்து வீரபத்திரர் கோயில், தரையில முழுசா ஊன்றாம நிற்கற தூண், ஒரே கல்லுல செஞ்ச பிரம்மாண்ட நந்தி. படி ஏறிச் சிரமப்படாம பார்க்கலாம். ராத்திரி அனந்தபூர்ல தங்கிடு. அடுத்த நாள் கர்னூல் தாண்டினதும் ஆலம்பூர், அஷ்டாதச சக்தி பீடத்துல ஒண்ணான ஜோகுளாம்பாள் கோயில். நெடுஞ்சாலையிலேர்ந்து பக்கம்தான், விட்டுடாதே.

ஹைதராபாத்லேர்ந்து நாக்பூர் சுமார் 500. ஊருக்குள்ள நுழையாம வெளிவட்டச் சாலையைப் பிடிச்சு மேட்சல் பக்கம் இறங்கினா நாக்பூர் ரோடு. இதையும் ரெண்டா வெட்டி நிர்மல்லயோ ஆதிலாபாத்லயோ தங்கு. நிர்மல்ல மரப்பொம்மை செய்யறாங்க, பேரனுக்கு வாங்கிக்கோ. நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் புலிக்காட்டு வழியாத்தான் ரோடு. புலியும் மானும் கடந்து போக வசதியா ரோட்டைத் தூக்கி, அடியில வழி விட்டிருக்காங்க. அங்கே காரை நிறுத்தி இறங்காதே, போட்டோ எடுக்கணும்னுகூட. சிக்னலும் விட்டு விட்டு வரும், மேப்பை முன்னாடியே டவுன்லோடு பண்ணி வை. மார்ச் கடைசியில அந்தப் பக்கத்துக் கிராமத்து ஜனங்க விடியக்காலையில இலுப்பைப்பூ பொறுக்க ரோட்டோரமா நடப்பாங்க, வேகத்தைக் குறை. சிவனியில ஒரு ராத்திரி, சாகர்ல ஒரு ராத்திரி. அடுத்த நாள் லலித்பூர்லயோ ஜான்சியிலயோ, உத்தரப் பிரதேசத்துக்குள்ள நுழைஞ்சதும் டேங்கை நிரப்பு, மத்தியப் பிரதேசத்தைவிட விலை குறைச்சல்.

ஜான்சிக்குப் பக்கத்துல ஓர்ச்சா. அங்கே மட்டும் ஒரு நாள் கூடுதலா ஒதுக்குன்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன். பேத்வா ஆத்தங்கரை, பழைய கோட்டை. ராமரை ராஜாவா நினைச்சுப் போலீஸ் மரியாதை செலுத்தற கோயில். சாயங்காலம் ஆத்தங்கரையில உட்கார்ந்தா அதுவரைக்கும் ஓட்டின அலுப்பெல்லாம் போயிடும். அங்கேர்ந்து குவாலியர் வழியா ஆக்ரா, ஆக்ராவிலிருந்து டெல்லிக்கு மதுரா ரோடு. எக்ஸ்பிரஸ்வே வேகமானதுதான், ஆனா அங்கே எல்லாரும் பறப்பாங்க, நாம நடுவுல 80-ல போறது ஆபத்து.

சின்ன விஷயம் ஒண்ணு. வடக்கே போகும்போது காலை வெயில் வலது பக்கம், ஓட்டறவர் மேல விழும். மத்தியானத்துக்கு மேல இடது பக்கம், உன் மேல. திரும்பி வரும்போது அப்படியே மாறிடும். அதனால போகும்போது காலையில நீ ஓட்டாதே, சாப்பாட்டுக்கு அப்புறம் வலது பக்க நிழல்ல உட்கார்ந்து நீ ஓட்டு. மாப்பிள்ளைக்கும் அப்போதான் தூக்கம் கண்ணைச் சுத்தும்.

உடம்பு

தண்ணி குடிக்காம இருக்காதே. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். பாத்ரூம் எங்கே கிடைக்கும்கிற பயத்துல நம்ம பொம்பளைங்க காலையில ஒரு டம்ளர் காபியோட நிறுத்திக்கறோம், மூணாவது நாள் நீர்க்கடுப்பு, காய்ச்சல். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பெட்ரோல் பங்க்லயோ டோல் பிளாசாவுலயோ நிறுத்தச் சொல்லு. பங்க்ல பெட்ரோல் போட்டாத்தான் பாத்ரூம் சாவி கேட்கணும்னு இல்லை, தைரியமாக் கேளு. பத்து, இருபது ரூபாய் நோட்டா ஒரு சுருக்குப்பை, சோப்பு, ஒரு சின்னக் குவளை, இது உன் காலடியிலேயே இருக்கட்டும். இறங்கின இடத்துல அஞ்சு நிமிஷம் நடங்க. தொடர்ந்து உட்கார்ந்தா கால் வீங்கறது மட்டுமில்லை, ரத்தக்குழாய்ல ரத்தம் உறையற ஆபத்தும் இருக்கு. பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடறவங்க நேரத்தை மாத்திக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோ, நீயா நிறுத்திடாதே.

மாத்திரையை ரெண்டு பங்காப் பிரிச்சு ரெண்டு பையில வை. ஒரு பை தொலைஞ்சா இன்னொண்ணு காப்பாத்தும். பயண நாளைவிடப் பத்து நாளுக்குக் கூடுதலா எடுத்துக்கோ. டாக்டர் சீட்டுல கம்பெனிப் பேரோட மருந்துப் பேரையும் எழுதச் சொல்லு, சாகர்ல இருக்கற மெடிக்கல் ஷாப்ல நம்ம ஊர் பிராண்ட் இருக்காது. மாப்பிள்ளையோட இன்சுலினை டேஷ்போர்டுல வைக்காதே. நிறுத்தின கார்ல வெயில் ஏறினா மருந்து வீணாப் போயிடும். குளிர்ச்சிப் பையில போட்டு, இறங்கும்போது கையோட எடுத்துக்கிட்டுப் போ.

சாப்பாடு பத்திப் பெரிசாக் கவலைப்படாதே. முதல் ரெண்டு நாளைக்குப் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, கொஞ்சம் நல்லெண்ணெய். அப்புறம் காலையில அவல் போஹா, ராத்திரி தால் கிச்சடி, தயிர். நாக்பூர்ல போஹா மேல காரக் குழம்பு ஊத்திக் கொடுப்பான், வேண்டாம்னு சொல்லிடு.

போற வீட்டுல

ரோட்டைவிட இதுதான் பெரிய வித்தை. பிள்ளை வீட்டைத் தவிர வேற எந்த வீட்டுலயும் ரெண்டு ராத்திரிக்கு மேல தங்காதே. எவ்வளவு வற்புறுத்தினாலும் மூணாவது நாள் காலையில டிபன் சாப்பிட்டுக் கிளம்பிடு. ஆசையோட வழியனுப்புவாங்க. 'எங்களுக்கு எதுவும் வேண்டாம், நீங்க சாப்பிடறதையே சாப்பிடறோம்'னு சொல்லாதே. அது சமைக்கறவளுக்குத்தான் கஷ்டம். சர்க்கரை இருக்கு, உப்பு கம்மி, ராத்திரி ஏழரைக்குச் சாப்பாடுன்னு ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிடு. நமக்கு நாலரைக்கு முழிப்பு வந்துடும். அவங்களுக்கு வராது. பிளாஸ்க்ல வெந்நீர், காபித்தூள் வெச்சுக்கிட்டு ரூம்லயே சத்தமில்லாம குடிங்க. மருமக சமையலறையில எதையும் இடம் மாத்தி வைக்காதே. கிளம்பும்போது அந்த வீட்டு வேலைக்காரம்மா கையில நூறோ இருநூறோ கொடு. நீ வந்ததால பாத்திரம் ரெண்டு மடங்கு விழுந்தது அவளுக்குத்தான்.

கையில என்ன கொண்டு போறதுன்னு கேட்டியே. டெல்லித் தமிழ்க் குடும்பத்துக்குப் பட்டுப் புடவையைவிடச் சின்ன வெங்காயம் பெரிசு. வலைப்பையில காத்தோட்டமா அஞ்சு கிலோ போட்டுக்கோ. மணத்தக்காளி வத்தல், சுண்டைக்காய் வத்தல், கருப்பட்டி, நார்த்தங்காய் ஊறுகாய், மெஷின்ல அரைச்ச அன்னிக்கே பாக்கெட் போட்ட காபித்தூள். கருவேப்பிலையை உருவிக் கழுவாம, நியூஸ்பேப்பர்ல சுத்தி வெச்சா ஹைதராபாத் வரைக்குமாவது தாங்கும். நாத்தனார் மாமியார் ஆர்.கே.புரத்துல குவார்ட்டர்ஸ்ல இருந்தவங்க, மலை மந்திருக்கு வாராவாரம் நடந்தே போனவங்க. அவங்களை ஒரு காலையில கார்ல ஏத்திக்கிட்டு அந்த முருகன் சந்நிதிக்குக் கூட்டிட்டுப் போ. நீ கொண்டு போற எந்தப் பொருளும் அதுக்கு ஈடாகாது. வயசானவங்களோட பேச நல்ல நேரம் காலை பத்திலேர்ந்து பன்னிரண்டு. பழைய கல்யாண போட்டோக்களைப் பெரிசாப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கிட்டுப் போ. போன்ல காட்டினா அவங்களுக்குக் கண்ணு தெரியாது. காது மந்தமா இருந்தாலும் போட்டோவைப் பார்த்ததும் பேச்சு தானா வரும்.

நாக்பூர் வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை. கொரோனா சமயத்துல அந்தச் சிநேகிதர் தவறிப்போனப்போ நம்மால யாராலயும் போக முடியலை. இப்போதான் முதல் தடவையாப் போறீங்க. ஸ்வீட் பாக்ஸோட வாசல்ல நிக்காதீங்க, பழம் மட்டும் போதும். வழியில எடுத்த போட்டோ, பேரன் பிறந்தநாள் வீடியோ எதுவும் அன்னிக்கு வேண்டாம். அவரோட சம்சாரம் ஆஸ்பத்திரியில நடந்ததை முதல்லேர்ந்து சொல்லுவாங்க. குறுக்கே பேசாம கேளுங்க. எத்தனை வருஷம் ஆனாலும், நேர்ல வந்து விசாரிக்காத துக்கம் அந்த வீட்டுல அப்படியே நின்னுக்கிட்டு இருக்கும். அந்த நாளுக்கு வேற எந்தத் திட்டமும் வெச்சுக்காதே. மாப்பிள்ளைகிட்ட அந்தச் சிநேகிதரோட பழைய ஆபீஸ் போட்டோ ஏதாவது இருந்தா அந்தப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கச் சொல்லு.

வீட்டைப் பூட்டறதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல தகவல் சொல்லு, மார்ச் 31-க்குள்ள முடிக்க வேண்டிய பேங்க் வேலையை முடி, பால் பாக்கெட்டை நிறுத்து. இதெல்லாம் உனக்குத் தெரியாதது இல்லை.

திரும்பி வரும்போது ஒரே ஒரு இடத்துல ஜாக்கிரதை வேணும். போகும்போது தொப்பூர் கணவாய் ஏத்தம், ஒண்ணும் தெரியாது. வரும்போது தர்மபுரியிலேர்ந்து சேலம் பக்கமா இறக்கம். பாரம் ஏத்தின லாரிங்க பிரேக் பிடிக்காம முன்னாடி போற வண்டி மேல மோதறது அங்கேதான். வீடு நெருங்கிடுச்சுங்கற அவசரம் அங்கே கூடாது. நியூட்ரல்ல உருட்டாம, கீழ் கியர்லயே இறங்கணும், லாரிக்கு முன்னாடி போய் மாட்டிக்கக் கூடாது. பொழுது சாய்ஞ்சுட்டா தர்மபுரியிலேயே தங்கிடுங்க. மறுநாள் வெளிச்சத்துல இறங்கினா மத்தியானச் சாப்பாட்டுக்குத் திண்டுக்கல்ல எங்க வீட்டுக்கு வந்துடலாம். சேலம் தாண்டினதும் ஒரு போன் போடு, நான் உலை வெச்சுடறேன்.